உலர்மணலும் ஈரமணலும்: கடற்கரைக் குமித்தே ஒன்றில் கட்டுப்பாடு தவறிய கணம்

சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாங்கள் சிலர் கூடிக் கராத்தே பயில்கிறோம். வாரநாள் வகுப்புகள் வேறிடத்தில், சிமெண்ட் தரையில், மாஸ்டரின் மேற்பார்வையில் நடப்பவை. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி எங்கள் சொந்த ஏற்பாடு. அதில் சுற்றுகளைத் தொடங்கிவைப்பதும் நேரம் பார்ப்பதும் "யாமே" என்று சொல்லி நிறுத்துவதும் என் பொறுப்பு. இந்த ஆய்வு, ஒரு மாசி மாதக் காலையில் அங்கே இரண்டு நண்பர்களுக்கிடையே நடந்த ஸ்பாரிங்கில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று தாக்கியும் தடுத்தும் பயிலும் குமித்தேயில், ஒரே ஒரு குத்து கட்டுப்பாடு மீறிப் பட்டதைப் பற்றியது. பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனாலும் எவருக்கும் கோபமோ போட்டி வெறியோ இல்லாத ஒரு சுற்றில், நன்கு பயின்ற ஒருவரின் கை ஏன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்ற கேள்வி என்னைப் பல வாரங்கள் விடவில்லை. கிடைத்த விடை வெளியில் பயிலும் எல்லோருக்கும் பயன்படும் என்று நம்புவதால் இதை முழுமையாக எழுதுகிறேன்.

இருவரையும் மூத்தவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறேன். மூத்தவர் நாற்பதை நெருங்கும் பிளாக் பெல்ட். உயரம் குறைவு, ஆனால் எதிராளியின் தோள் அசைவதைப் பார்த்தே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடக்கூடியவர். இளையவர் கல்லூரி மாணவர், பிரவுன் பெல்ட், நீண்ட கைகால்கள் உடையவர். இருவரும் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து பயில்பவர்கள்; ஒருவரை ஒருவர் அண்ணா, தம்பி என்றே அழைப்பார்கள். மூத்தவரின் முகத்தருகே எத்தனை நூறு முறை இளையவரின் கை வந்து நின்றிருக்கும் என்று கணக்கே இல்லை.

சுற்று தொடங்கும் முன் நிபந்தனைகளைப் பேசிக்கொண்டார்கள். முகத்தை நோக்கிய குத்து தோலைத் தொடாமல் நிற்க வேண்டும். உடலில் லேசாகத் தொடலாம். தலைக்கு உதை கூடாது. காலை வாரி விழவைக்கக் கூடாது. வேகம் முழு வேகத்தில் பாதிக்குச் சற்று மேல். வாயில் மவுத் கார்டு இருந்தது, கையில் கிளவுஸ் இல்லை. இந்த நிபந்தனைகளில் குறை ஏதும் இல்லை என்றே இன்றும் கருதுகிறேன். குறை, அவற்றில் இடம்பெறாத ஒன்றில் இருந்தது: எங்கே, எந்தத் தரையில் என்பதை நாங்கள் பேசவே இல்லை.

முதல் சுற்று கரையின் மேற்பகுதியில், காய்ந்த மணலில் நடந்தது. இரண்டு நிமிடங்கள். இளையவரின் கியாகு சுகி, அதாவது பின்காலை உந்தி எதிர்க்கையால் விடும் நேர்க்குத்து, திரும்பத் திரும்ப எட்டாமல் போனது. மூத்தவர் சிரித்துக்கொண்டே "எட்டலடா தம்பி, எட்டல" என்றார். இளையவர் ஒவ்வொரு முறையும் இன்னும் சற்று வலுவாக மணலை உதைத்துப் பாய்ந்தார். சுற்று முடியும்போது அவருடைய குத்து சரியான தூரத்தில், முகத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தது. அருமையான சுற்று அது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இளையவர் தன் தூரத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் இருவரும் மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்தார்கள். மூத்தவரின் முதுகு கடலுக்கு இருந்ததால் அவர் பின்வாங்கிய ஒவ்வோர் அடியும் சரிவில் கீழ்நோக்கி இறங்கியது. இளையவர் எழுகதிரை நேராகப் பார்த்தபடி முன்னேறினார். ஏறத்தாழ ஒரு நிமிடம் கடந்தபோது, அலை வந்து திரும்பிய இறுகிய ஈரமணலில் இருவரின் பாதங்களும் பதிந்திருந்தன. அப்போது வந்த அலையொன்று மூத்தவரின் குதிகாலைத் தொட்டது. வழக்கமாக அரை அடி பின்னே சரிந்திருக்க வேண்டியவர் அந்தக் கணம் அசையாமல் நின்றார். அதே கணத்தில் இளையவர் பாய்ந்தார். குத்து மூத்தவரின் மூக்கிலும் மேலுதட்டிலும் பட்டது. "அண்ணா!" என்று இளையவர் அலறியதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து "யாமே" வந்தது.

மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. மூத்தவரை மணலில் உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்று முன்னே குனியச் செய்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னோம், இரத்தம் நின்றது. தலையைப் பின்னால் சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டலை உண்டாக்கும் என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அருகே நடந்துகொண்டிருந்த பெரியவர்கள் இருவர் அன்பினால் அதைத்தான் செய்யச் சொன்னார்கள். தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, குழப்பமான பேச்சு எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். ஆயினும் அன்று அவருக்கு மேற்கொண்டு ஸ்பாரிங் இல்லை என்று முடிவுசெய்து, வீட்டாரிடமும் ஒரு நாள் கவனித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டோம். மூக்கின் நடுச்சுவரில் இரத்தம் கட்டி இருபுறமும் அடைத்துக்கொண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவருக்கு அப்படி ஏதும் நேரவில்லை.

அன்று மாலை இளையவர் என்னை அழைத்து, "அண்ணா, நான் வேணும்னு செய்யல, கை நிக்கவே இல்ல" என்றார். அவர் சொன்னதை நான் முழுமையாக நம்பினேன். ஆனால் "கை நிற்கவில்லை" என்ற சொற்கள்தான் நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்த பிழையைக் காட்டிக்கொடுத்தன. குத்தை நிறுத்துவது கையின் வேலை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கராத்தேயில் இலக்கைத் தொடாமல் நிறுத்துவதை ஜப்பானிய மொழியில் சுன்டோமே என்பார்கள். சுன் என்பது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கொண்ட பழைய ஜப்பானிய அளவு. அந்த அளவு இடைவெளியில் நிறுத்துவது என்பது பொருள். இதைக் கேட்கும் புதியவர் ஒருவர், முகத்துக்கு அருகே வந்ததும் கண் பார்த்து மூளை சொல்லிக் கை நிற்கிறது என்று நினைப்பது இயல்பே. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. தேர்ந்தவர்களின் நேர்க்குத்து வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. அந்த வேகத்தில் கடைசி 3 சென்டிமீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் ஆயிரத்தில் நான்கு பங்குதான் ஆகும். கண்ணால் கண்டு உடலால் எதிர்வினை செய்யவோ மனிதருக்கு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. பாதி வேகத்தில் ஆடினாலும் இடைவெளி ஆயிரத்தில் எட்டுப் பங்குதான் ஆகிறது. அப்படியானால் குத்து நிற்கும் இடம் அது கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது. கை தன் முழு நீளத்துக்கு நீண்டு தானாக முடிகிறது, அந்த முடிவு எதிராளியின் முகத்துக்கு முன்னால் அமையும்படி உடலைக் கொண்டுபோய் நிறுத்துவது கால்களின் வேலை. எதிராளிக்கும் தனக்குமுள்ள தூரத்தை மாஆய் என்று சொல்லி, பழைய ஆசிரியர்கள் அதற்கு அவ்வளவு முதன்மை கொடுத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் உடலில் உறைத்தது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னோர் உண்மை உண்டு. நேர்க்குத்தின் வேகம் கை முழுதும் நீண்ட நிலையில் உச்சத்தில் இருப்பதில்லை. ஏறத்தாழ முக்கால் பங்கு நீண்ட நிலையில் உச்சத்தை அடைந்து, அதன் பிறகு விரைவாகக் குறைகிறது. ஆகவே சரியான தூரத்தில் விட்ட குத்து முகத்தருகே வரும்போது ஏற்கெனவே அடங்கிக்கொண்டிருக்கும். அதே குத்தை ஒரு சாண் கூடுதல் நெருக்கத்தில் விட்டால், முகம் இருக்கும் இடம் குத்தின் வேகம் மிகுந்த இடமாகிவிடுகிறது. ஒரு சாண் பிழைக்கு ஒரு சாண் அளவு தண்டனை கிடைப்பதில்லை, அதைவிடப் பன்மடங்கு கிடைக்கிறது. அன்று இளையவர் கூடுதலாக வலிமையைச் செலுத்தவில்லை. தூரம் மாறியதே அடியை அடியாக்கியது.

அந்தத் தூரம் எப்படி மாறியது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதைச் சோதித்துப் பார்த்தோம். இளையவரைக் காய்ந்த மணலில் நிறுத்தி, எதிரில் ஆளில்லாமல் அதே கியாகு சுகியைப் பல முறை பாயச் சொல்லி, முன்கால் விழுந்த இடங்களைச் சிப்பி வைத்துக் குறித்தோம். பிறகு ஈரமணலில் அதையே செய்தோம். ஈரமணலில் முன்கால் ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளி விழுந்தது. காரணம் எளியது. காய்ந்த மணலில் பின்காலை உந்தும்போது மணல் பின்னோக்கி வழிந்துவிடுகிறது; உந்துதலின் ஒரு பகுதி உடலை முன்னே தள்ளாமல் மணலை நகர்த்துவதில் செலவாகிறது. இளகிய மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும் என்பதும் இதனால்தான். ஈரமணலில் துகள்களுக்கிடையே உள்ள நீர் அவற்றைப் பிணைத்துவைப்பதால் தரை கெட்டியாகிப் பாதத்துக்கு முழுப் பிடிமானம் தருகிறது. முதல் சுற்றில் இளையவர் கண்டுபிடித்ததாக நான் மகிழ்ந்த தூரம், வழியும் மணலுக்காக அவர் உடல் தன்னையறியாமல் கூட்டிக்கொண்ட உந்துதலே. தரை மாறியது, உந்துதல் மாறவில்லை.

மற்றவை அதன்மேல் வந்து சேர்ந்தன. சரிவு பாய்ச்சலுக்குத் துணைபோனது. சூரியன் எதிரே இருந்ததால் மூத்தவரின் முகம் இளையவருக்கு நிழலுருவாகவே தெரிந்திருக்கும்; மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்ற ஆழம் நிழலுருவில் தெரியாது. அலை மூத்தவரின் பின்வாங்கலைத் தடுத்தது. இவை ஒவ்வொன்றும் தனியாக நேர்ந்திருந்தால் குத்து வழக்கம்போல நின்றிருக்கக்கூடும். ஆனாலும் இவற்றை ஒரே எடையில் வைக்க நான் விரும்பவில்லை. என் தீர்ப்பில் முதற்காரணம் தரை; அதற்கு அடுத்தது, தரை மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிறுத்தாமல் இருந்த நான். ஆடுகிறவர்களின் கவனம் எதிராளியின் தோளிலும் இடுப்பிலும் இருக்கும், இருக்கவும் வேண்டும். காலடியில் மணலின் நிறம் கறுப்பதைக் காண வேண்டியவர் வெளியே நிற்பவர். நான் மேட்டில் நின்று அவர்களுடைய கைகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் சிலர், டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், செய்ய வேண்டியதைக் கடற்கரையில் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். வெளியில் பயில்வது கராத்தேக்குப் புதிதல்ல. 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி ஜப்பானியப் பெருநிலத்தில் வேரூன்றச் செய்த கிச்சின் ஃபுனகோஷி, இளமையில் ஒகினாவாவில் தன் ஆசிரியர் ஆசாத்தோவின் வீட்டு முற்றத்தில் இரவுகளில் கட்டா, அதாவது எதிராளியில்லாமல் தனியே செய்யும் அசைவு வரிசை, பயின்றவர். கரடுமுரடான தரையும் இருட்டும் காற்றும் அந்தக் கலை வளர்ந்த சூழல்கள். ஆனால் அவர் முற்றத்தில் பயின்றது கட்டாவைத்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடற்றதாக மாறிவிடும் என்று சுதந்திர ஸ்பாரிங்கை அவர் விரும்பவில்லை. அவருடைய மாணவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அதை வளர்த்தார்கள். 1957 ஏப்ரலில் அவர் மறைந்தார், அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது.

அப்படி வளர்த்தவர்களும் நேரடியாக அதில் குதிக்கவில்லை. ஒருவர் ஐந்தடி முன்னேறி ஒரே தாக்குதலைத் திரும்பத் திரும்பச் செய்ய, மற்றவர் தடுக்கும் கோஹோன் குமித்தே, மூன்றடியில் சன்போன், ஒரே அடியில் கிஹோன் இப்போன், பிறகு தாக்குதல் எதுவென்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நகர்ந்தபடியே செய்யும் ஜியூ இப்போன், கடைசியில்தான் எதுவும் சொல்லாமல் ஆடும் ஜியூ குமித்தே என்று படிகள் அமைத்தார்கள். இந்தப் படிகள் வெறும் தொடக்கநிலைப் பாடங்கள் என்று எண்ணிப் பெல்ட் ஏற ஏற அவற்றைக் கைவிடுவது எங்களிடமும் இருந்த பழக்கம். உண்மையில் ஒவ்வொரு படியும் கால்களுக்குத் தூரத்தைக் கற்பிக்கும் அளவுகோல். புதிய தரையில் நிற்கும் பிளாக் பெல்ட்டும் தூரத்தைப் பொறுத்தவரை புதியவரே. சிமெண்ட் தரையில் மூன்று ஆண்டுகள் அளந்த தூரத்தை மணலுக்கு அப்படியே எடுத்துச்செல்ல முடியாது. அங்கே கிஹோன் இப்போனிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இந்த ஆய்வில் நான் கண்டவற்றுள் எனக்கு மிக மதிப்புடையது இதுதான்.

கட்டுப்பாடு என்பது நட்புப் பயிற்சிக்கான சலுகை, போட்டியில் அது தேவையில்லை என்ற எண்ணமும் சில இளைஞர்களிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில், நிப்பொன் புடோகான் அரங்கில், 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர் குமித்தே இறுதிப் போட்டியில் என்ன நடந்தது என்பதை அவர்களுக்குச் சொல்கிறேன். சவூதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4–1 என்று முன்னணியில் இருந்தார். அவர் விட்ட உயர உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் தலைப்பகுதியில் பலமாகப் பட்டு, கஞ்ச்சாதே விழுந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லப்பட்டார். கட்டுப்பாடற்ற தாக்குதல் என்று நடுவர்கள் ஹமெதியைத் தகுதிநீக்கம் செய்ததால், விழுந்தவருக்கே தங்கம் கிடைத்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி உலகெங்கும் வாதம் எழுந்தது. குத்துச்சண்டையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது விந்தையாகவே தோன்றியது. எனக்கு அந்த இளம் வீரரின் கண்ணீர் நெஞ்சை வருத்தியது, ஆயினும் விதியின் பக்கமே நிற்கிறேன். சமமான மெத்தை, அளந்த களம், நடுவர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே தூரம் பிசகுகிறது என்றால், வழியும் மணலில் எவ்வளவு முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நாங்கள் மாற்றிக்கொண்டவை. சுற்று தொடங்கும் முன் குதிகாலால் மணலில் ஒரு சதுரம் இழுக்கிறோம், முழுவதும் ஒரே வகை மணலில் அமையும்படி. ஒருவரின் கால் கோட்டைத் தாண்டினால் உடனே "யாமே". அந்தச் சதுரத்துக்குள் கையால் துழாவி உடைந்த சிப்பி, கண்ணாடித் துண்டு, மீன்முள் ஆகியவற்றைப் பொறுக்குகிறோம். இருவரும் கடற்கரையின் நீளவாக்கில், ஒருவர் வடக்கு நோக்கியும் மற்றவர் தெற்கு நோக்கியும் நிற்கிறார்கள். சூரியன் எவர் கண்ணிலும் நேராக விழுவதில்லை, சரிவும் ஒருவருக்குச் சாதகமாவதில்லை. முதல் சுற்றில் முகத்துக்குக் குத்து கிடையாது, உடலுக்கு மட்டும், முழு வேகத்தில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில். கால்கள் தரையை அளந்துகொள்ளவே அந்தச் சுற்று. இரண்டாம் சுற்றிலிருந்து முகத்துக்குக் குத்து உண்டு, மெல்லிய கிளவுஸ் அணிந்து. கிளவுஸ் விஷயத்தில் எனக்கு ஓர் அச்சம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன்: பஞ்சு இருக்கிறது என்ற தைரியத்தில் கை கனத்துவிடுமோ என்று. இதுவரை அப்படி ஆகவில்லை.

தாக்கப்படுபவருக்கும் ஒரு பொறுப்பை வகுத்தோம். பின்னே இடமில்லை, கால் வழுக்குகிறது, கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று உணர்ந்த கணமே கையை உயர்த்தி விரித்துக் காட்ட வேண்டும். பிளாக் பெல்ட் என்பதற்காகத் தயங்கக் கூடாது. இதை முன்மொழிந்தவர் மூத்தவரே. அலை தொட்டபோது தான் நின்றுவிட்டதைத் தன் பிழையாக அவர் கருதினார். அதை நான் பிழை என்று ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு அப்படிச் சொல்லத் தோன்றியது, இளையவரின் மனச்சுமையைக் குறைத்தது என்பதைக் கண்ணால் கண்டேன்.

அந்தச் சுமை சிறியதன்று. காயம் ஆறிய பிறகு மூத்தவருடன் மீண்டும் நின்றபோது, இளையவரின் குத்துகள் எல்லாம் ஒரு முழம் முன்பே நின்றன. அதுவும் ஒரு வகையில் கட்டுப்பாடு தவறியதே, ஏனெனில் எட்டாத குத்தை எதிராளி தடுக்கப் பழக முடியாது. இருவரின் பயிற்சியும் பொய்யாகிவிடும். மூத்தவர் ஆட்டத்தை நிறுத்தி, தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "இங்க வாடா தம்பி, பயப்படாத, நான் தடுத்துக்கறேன்" என்றார். பிறகு இருவரும் கிஹோன் இப்போனுக்குத் திரும்பினார்கள். மூத்தவர் அசையாமல் நிற்க, இளையவர் மெதுவாக ஓர் அடி வைத்துக் கையை நீட்டி, இடைவெளி எத்தனை விரற்கடை என்று இருவரும் சேர்ந்து பார்த்து, அடுத்த அடியைச் சற்று வேகமாக வைத்தார்கள். அந்தக் காலை முழுவதும் அதிலேயே கழிந்தது. நான்கு வாரங்களில் பழைய இடைவெளி திரும்பிவந்தது.

முகத்துக்கான குத்தை மணலில் முற்றிலும் தடைசெய்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் இன்னும் வாதிடுகிறார். பதினாறு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதை ஏற்றுக்கொண்டோம். பெரியவர்களுக்கு ஏற்கவில்லை, சதுரமும் முதல் சுற்றும் போதும் என்பது இப்போதைய முடிவு. மணலில் இழுத்த கோடு இரண்டு சுற்றுகளுக்குள் கால் பட்டு அழிந்துவிடுகிறது. யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு முறையும் இளையவர்தான் போய் அதை மறுபடி இழுக்கிறார்.